நிகழ்தகவும் நீதியும்

நாளை நிகழ்வது யாதென மனிதன் திட்டமாக அறியான். எனினும், நிகழக்கூடியவற்றுள் எதனை எவ்வளவுக்கு எதிர்பார்க்கலாம் என்பதை எண்ணால் அளந்து கூறுதல் இயலும். அவ்வளவே நிகழ்தகவு எனப்படும். 1654ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கணித அறிஞராகிய பாஸ்கல், பெர்மா என்னும் இருவரும், இடையிலே நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தைப் பங்கிடும் முறை குறித்துக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். இக்கணிதத்தின் தொடக்கமாக அறிஞர் அக்கடிதங்களையே சுட்டுவர். இன்று காப்புறுதி, மருத்துவம் முதலிய துறைகள் இதனை நாடுகின்றன, நீதிமன்றங்களும் நாடுகின்றன.

இதன் அடிப்படை எளிது. செம்மையான தாயக்கட்டை ஒன்றை உருட்டும்போது ஆறு விழுவதன் நிகழ்தகவு 1/6. இரு கட்டைகளை உருட்டும்போது இரண்டிலும் ஆறு விழுவதன் நிகழ்தகவு, 1/6ஐ 1/6ஆற் பெருக்க வரும் 1/36 ஆகும். ஆனால் இப்பெருக்கல் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைச் சாராதிருத்தல் வேண்டும். அத்தகையவை சாரா நிகழ்ச்சிகள் எனப்படும்.

தொடக்க மாணாக்கர் இந்நிபந்தனை தொடர்பாக இருவகையிலே தவறுவர். நாணயத்தைச் சுண்டியபோது ஐந்து முறை தொடர்ந்து தலையே விழுந்ததாயின், ஆறாம் முறை பூ விழுதலே இயல்பு என எண்ணுவர். நாணயத்துக்கு நினைவு இல்லை. ஆறாம் முறையும் நிகழ்தகவு 1/2 தான். இது சாராதவற்றைச் சார்ந்தனவாகக் கொள்ளும் தவறு. சார்ந்தவற்றைச் சாராதனவாகக் கொள்வது இதனினும் கொடியது.

இங்கிலாந்திலே சாலி கிளார்க் என்னும் வழக்கறிஞரின் ஆண்மகவுகள் இரண்டு, 1996இலும் 1998இலும், பிறந்த சில வாரங்களில் இறந்தன. தாயே கொன்றாள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களுடையது போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமறியாது திடீரென இறப்பதன் நிகழ்தகவு 8,543இல் ஒன்று என்றும், ஆதலால் இரு குழந்தைகள் அவ்வாறு இறப்பது ஏறக்குறைய 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் சான்று பகர்ந்தார். 1999இல் அத்தாய்க்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

உடன்பிறந்த இருவர் ஒரே மரபையும் ஒரே மனைச்சூழலையும் உடையவர். ஒருவரை மாய்த்த காரணம் மற்றவரையும் தாக்கக்கூடும். ஆகவே அங்கே பெருக்கல் விதியைக் கையாண்டது பொருந்தாது.

மற்றொரு தவறும் அவ்வெண்ணோடு ஒட்டியது. தாய் குற்றமற்றவளாயின் இத்தகைய இறப்புக்கள் நேர்வதன் நிகழ்தகவு ஒன்று. இறப்புக்கள் நேர்ந்தபின் தாய் குற்றமற்றவளாயிருப்பதன் நிகழ்தகவு வேறொன்று. முன்னது சிறிதாயிருப்பதனாற் பின்னதும் சிறிதாதல் வேண்டும் என்பதில்லை. பெற்ற தாய் இரு மகவுகளைக் கொல்வதும் மிக அரிதே. அரியவை இரண்டனுள் எது கூடுதலாக ஏற்கத்தக்கது என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டொன்று தெளிவாக்கும். 10,000 பேருள் 10 பேருக்கு ஒரு நோய் உண்டெனக் கொள்க. சோதனை ஒன்று நோயாளர் அனைவரையும் காட்டும். நோயற்றவருள்ளும் நூற்றுக்கு ஒருவரை நோயாளராகத் தவறிக் காட்டும். அப்போது நோயாளர் 10 பேரோடு, நோயற்றவர் ஏறக்குறைய 100 பேரும் அகப்படுவர். நோயற்றவர் ஒருவர் அகப்படுவதன் நிகழ்தகவு நூற்றிலொன்றே; ஆயினும் அகப்பட்டவருள் ஏறத்தாழப் பதினொருவருக்கு ஒருவரே நோயாளர்.

2001இல் இங்கிலாந்தின் அரச புள்ளிவிபரவியற் கழகம் அவ்வெண்ணுக்கு ஆதாரமில்லையென வெளிப்படையாக அறிவித்தது. மறைந்திருந்த மருத்துவச் சோதனை முடிவுகள் பின்னர் வெளிவந்தமையால், 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. எண்ணைக் கையாண்ட முறையையும் குறைகூறியது. விடுதலையான தாய் 2007இல் உயிர்நீத்தார்.

8,543ஐத் தன்னாற் பெருக்குதலிற் பிழையில்லை; பெருக்கலாமா என வினவாமையே பிழை. நிகழ்தகவு பயில்வோர் விடையைக் காணுமுன், நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சார்ந்தனவா என்பதையும், கேட்கப்பட்ட வினாவுக்கே விடை காணப்படுகின்றதா என்பதையும் ஆராயப் பழகுதல் வேண்டும்.