கலப்புக் கற்றலில் இணையவழிக் கலந்துரையாடல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட கருத்துக் குறிப்பு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சியதை நேரடி வகுப்பிலும் கற்பிக்கலாம் என முன்மொழிந்தது. இவ்விகிதம் கற்பிக்கும் முறையைப் பகுக்கிறது. கற்றல் நிகழும் வழிகளைப் பகுப்பது வேறு. அப்பகுப்பு நன்னூலில் உள்ளது.

நன்னூலின் கணக்கு

ஆசிரியர் உரைப்பதைக் கேட்பதால் கால் பங்கும், உடன்பயில்வோரொடு பழகுவதால் கால் பங்கும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. இணையவழிப் பகுதி பதிவுசெய்த விரிவுரைகளாக மட்டும் அமையின், முதற் கால் பங்கே மீண்டும் நிகழும். எஞ்சிய முக்கால் பங்குக்கு இடமளிப்பது கலந்துரையாடலே.

களமும் தேவையும்

பாரதிதாசன் பல்கலைக்கழக எல்லைக்குட்பட்ட இவ்விரு மாவட்டங்களும் வேளாண்மை சார்ந்தவை. சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து செல்லும் மாணவர்க்கு, வகுப்பு முடிந்தபின் கூடிப் பயிலும் நேரம் வாய்ப்பது அரிது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவர்க்கு வீட்டில் பாடம் பற்றிப் பேசத் துணையும் இராது. எழுத்துவழிக் கலந்துரையாடல் இவ்விடைவெளியை நிரப்பவல்லது. வகுப்பில் பேசத் தயங்குபவர்க்குச் சிந்தித்து எழுத அவகாசமும் தருகிறது.

அமைக்கும் முறை

வினா, ஒருவர் தனித்து விடைகாண இயலாததாக இருத்தல் வேண்டும். வட்டார வழக்குப் பாடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெரம்பலூர்ப் பகுதி மாணவர் சின்ன வெங்காயச் சாகுபடிச் சொற்களையும், அரியலூர்ப் பகுதி மாணவர் முந்திரிச் சாகுபடிச் சொற்களையும் பொருளுடன் முதல் வாரம் பதிவிடுவர். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் பிறர் பதிவுகள் இரண்டைத் தம் ஊர் வழக்கோடு ஒப்பிட்டு வினவுவர். தொகுத்து வகைப்படுத்துவது நேரடி வகுப்பில் நிகழும்.

காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கோட்பாடு, இத்தகைய கற்றலுக்குச் சமூக இருப்பு, அறிதல் இருப்பு, கற்பித்தல் இருப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்கிறது. ஆசிரியர் உடனே விடை கூறாது, கவனிக்கப்படாத வினாவைச் சுட்டி, இறுதியில் தொகுத்துரைப்பதே கற்பித்தல் இருப்பாகும். பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வழங்கினால் 'நன்றி', 'அருமை' என்பனவே பெருகும்; பிறர் கருத்தால் தம் விடையைத் திருத்திக்கொண்ட திறமே மதிப்பிடத்தக்கது. கைப்பேசியைக் குடும்பத்தாரோடு பகிர்பவரையும் கருதி, நேரலையைத் தவிர்த்து ஒரு வார அவகாசம் அளித்தல் நன்று.

முடிவுரை

கலப்புக் கற்றலின் பயன் விழுக்காட்டில் இல்லை. மாணவர் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகும் வாய்ப்பிலேயே உள்ளது. அவ்வாய்ப்பை வேறெங்கும் பெறாத மாணவர்க்கே அதன் இழப்பு பெரிது.