அகமதாபாத்தின் காலை நடை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்பி அதன் நகரங்களுக்கு வரும் பயணிக்கு நாம் வழக்கமாகக் காட்டுவன கோட்டைகளும் அரண்மனைகளும் அருங்காட்சியகங்களுமே. சுற்றுலாப் பேருந்து ஒவ்வொன்றின் வாயிலிலும் சிறிது நேரம் நிற்கிறது. வழிகாட்டி மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்கிறார். பேருந்து அடுத்த இடத்திற்கு விரைகிறது. இவ்வாறு காணும் வரலாற்றில் அரசர்கள் உண்டு, போர்கள் உண்டு. மக்கள் குடியிருந்த தெரு மட்டும் இல்லை. குஜராத்தின் பெருநகரான அகமதாபாத்தில் மாநகராட்சியே முன்னின்று நடத்திவரும் மரபு நடை, இக்குறையைப் போக்கும் ஒரு முயற்சி. கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய இம்முயற்சி, பழைய வீடுகளைக் காப்பது பற்றி நமக்குச் சில செய்திகளைச் சொல்கிறது.

சபர்மதி ஆற்றின் கரையில் 1411ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். அவருடைய வழிவந்த மகமூது பேகடாவின் காலத்தில் மதில் எழுந்தது. பின்னர் முகலாயரும் மராட்டியரும் ஆண்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1861இல் ரண்சோத்லால் சோட்டாலால் இங்கு முதல் பஞ்சாலையை நிறுவிய பின், ஆலைகள் பெருகிச் செல்வம் குவிந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915இல் தம் ஆசிரமத்திற்கு இந்நகரையே தேர்ந்தார். ஆலைத் தொழிலாளர்களின் 1918ஆம் ஆண்டுப் போராட்டத்தை அவர் நடத்தியதும் இங்கேதான்.

மதில் சூழ்ந்த பழைய நகரின் பரப்பு ஏறக்குறைய ஐந்தரைச் சதுர கிலோமீட்டர். அதற்குள் நூற்றுக்கணக்கான 'போள்'கள் உள்ளன. வாயில் என்று பொருள்படும் 'பிரதோளி' என்ற வடசொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ஒரே குலத்தவரோ, தொழிலினரோ, சமயத்தவரோ கூடி வாழ்ந்த குறுகிய தெருக்களின் தொகுதியே போள். அதற்கு ஒரு தலைவாயில், மரக்கதவு, இரவில் கதவைச் சாத்தும் காவலாள், பொதுக்கிணறு, வழிபாட்டிடம், பறவைகளுக்குத் தானியம் இட ஒரு தூண்மாடம் ஆகியவை உண்டு. 'சபூத்ரோ' எனப்படும் இத்தூண்மாடத்தைக் கண்டதும் வெளியூரார் அதைச் சிறு கோயில் என்றே எண்ணிவிடுவர். 18ஆம் நூற்றாண்டில் ஆட்சி நிலைகுலைந்திருந்த நாட்களில் காவல் கருதி இவ்வமைப்பு மேலும் வலுப்பெற்றது.

ஆற்றின் மேற்குக் கரையில் புதிய நகரம் வளர, வசதி படைத்தோர் போள்களைவிட்டு வெளியேறினர். வீடுகள் கிடங்குகளாயின, பூட்டிக் கிடந்தவை பல, வேலைப்பாடு மிக்க தூண்களும் சாளரங்களும் பழம்பொருள் வணிகரிடம் விலைபோயின. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பு மசூதிகளுக்கும் கல்லறைகளுக்கும் இருந்தது. மக்கள் குடியிருந்த வீட்டிற்கு அத்தகைய காவல் இல்லை. இந்நிலையில் மாநகராட்சி 1996இல் மரபுக் காப்புக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. கல்கத்தாவைச் சேர்ந்த குரூட்டா என்ற அமைப்பின் துணையுடன் 1997 நவம்பர் 19 அன்று மரபு நடை தொடங்கியது. சட்டம் இயற்றுவதற்கு முன்பாக மக்களைத் தெருவில் நடக்க அழைத்தார்களே, அதுதான் இதன் சிறப்பு. தம் வீட்டு வாசலில் நின்று அயலார் வியப்பதைக் காணும்போது, அவ்வீட்டின் அருமை உடையவருக்கே புலப்படும் என்று அவர்கள் கருதினர்.

நடை காலை எட்டு மணிக்குக் காலூப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் தொடங்குகிறது. 1822இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயில், அப்பிரிவினரின் முதற் கோயிலாகும். வண்ணம் தீட்டிய மரச்சிற்பங்கள் தூண்தோறும் நிறைந்துள்ளன. அங்கிருந்து சில அடிகள் சென்றால் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடம் வருகிறது. 1848இல், ஆங்கில அதிகாரியான ஃபோர்ப்ஸின் அழைப்பை ஏற்று இந்நகருக்கு வந்தவர் அவர். வீடு அழிந்துபோயிற்று, அதன் முகப்பை மட்டும் மீண்டும் எழுப்பி, திண்ணையில் கவிஞர் அமர்ந்திருப்பதுபோல் வெண்கலச் சிலை வைத்துள்ளனர். தெருப்பிள்ளைகள் அச்சிலையின் மடியில் ஏறி விளையாடுவதை ஒருவரும் தடுப்பதில்லை. சிலைகளைக் கம்பிவேலிக்குள் அடைக்கும் நம் ஊர் வழக்கத்தைவிட இது மேலானது என்றே தோன்றுகிறது.

அடுத்து வருவது காலிகோ ஆலையினரின் விற்பனைக் கூடம். கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும் அமெரிக்கப் பொறியறிஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முறையைத் தழுவி 1960களின் தொடக்கத்தில் அமைத்த முக்கோணச் சட்டக் குவிமாடம் அது. ஆலை நலிந்தபின் அதுவும் சிதைந்தது. 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மேலும் பழுதுற்றது. நானூறு ஆண்டுக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்றால் எவரும் ஏற்பர். நாற்பது ஆண்டுக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்றால் வாதாட வேண்டியிருக்கிறது.

அந்த நிலநடுக்கத்தைப் பற்றி இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று, குடியரசு நாள் காலையில், கட்ச் பகுதியை மையமாகக் கொண்டு நிலம் அதிர்ந்தது. அகமதாபாத்தின் புதிய பகுதிகளில் கான்கிரீட்டினால் ஆன அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்து வீழ்ந்தன. போள்களின் பழைய வீடுகளோ பெரும்பாலும் தாங்கி நின்றன. செங்கற் சுவர்களினூடே கிடைமட்டமாக மரச்சட்டங்களைப் பிணைத்துக் கட்டுவது இவ்வீடுகளின் முறை. சுவர் அசையும்போது மரம் நெகிழ்ந்து கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவரால் இணைந்திருப்பதும் துணைசெய்கிறது. பழமை என்று ஒதுக்கியதில் பொறியியல் இருந்தது. ஆனால் பராமரிப்பு இல்லாமல் சட்டங்கள் உளுத்துப்போன வீட்டிற்கு இந்த வலிமை இராது என்பதையும் மறத்தல் ஆகாது.

வீட்டின் உள்ளமைப்பும் அவ்வாறே கருத்துடன் அமைந்தது. தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே வானம் பார்த்த முற்றம். கோடையில் வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, குறுகிய தெருவின் நிழற்காற்று வீட்டுக்குள் நுழைகிறது. முற்றத்தின் கீழே சுண்ணாம்பு பூசிய நிலத்தடித் தொட்டி உண்டு. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே அதில் இறங்கும். ஒளி புகாத அத்தொட்டியில் நீர் அடுத்த மழை வரை கெடாது இருக்கும். முற்காலத்தில் சபர்மதி கோடையில் வறண்டுபோன ஊர் இது. வீட்டுக்கு வீடு ஒரு சேமிப்பு இருந்ததனால்தான் இத்தனை பேர் இங்கு நெருங்கி வாழ முடிந்தது. நகராட்சியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான ரண்சோத்லால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், எதிர்ப்புகளுக்கு இடையே குழாய்நீரையும் சாக்கடை வசதியையும் கொண்டுவந்தார். நோய்கள் குறைய அது உதவியது; தொட்டிகள் மட்டும் மெல்ல மெல்லப் பயனற்றுப் போயின. மழைநீரைச் சேமிக்கும்படி ஒவ்வொரு வீட்டையும் வற்புறுத்தும் இந்நாளில், தூர்ந்து கிடக்கும் இத்தொட்டிகளின் முன் நடைக்குழுவினர் வெகுநேரம் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

நடைக்குழு பின்னர் காலா ராம்ஜி கோயிலுக்குச் செல்கிறது. கரிய கல்லில், அமர்ந்த கோலத்தில் இராமபிரான் காட்சி தருகிறார். அதன்பின் வழிகாட்டி ஒரு வீட்டுக் கதவைத் திறப்பார். உள்ளே வீடு இராது, அடுத்த போளுக்குச் செல்லும் வழி இருக்கும். கலகக் காலத்தில் தப்பிச் செல்வதற்கென அமைந்த கரவு வழி இது. சவேரிவாடில் சமணர்களின் சம்பவநாதர் ஆலயம் நிலவறையில் அமைந்துள்ளது. தோஷிவாடில் 1856இல் எழுந்த அஷ்டாபதர் ஆலயம் இருக்கிறது. அருகே ஹர்குன்வர் சேட்டாணியின் மாளிகை, பெருத்த மரத்தாங்கிகளுடன் நிற்கிறது. கணவர் ஹட்டீசிங் தொடங்கிய சமணக் கோயிலை அவர் மறைவிற்குப்பின் 1848இல் முடித்துவைத்த பெருமாட்டி இவர்.

பின்னர் தெரு அங்காடியாக மாறுகிறது. பெர்னாண்டஸ் பாலத்தின் கீழே புத்தகக் கடைகள். அடுத்து, நெற்றிப்பொட்டு விற்கும் சாந்லா ஓள். அதன்பின் 1894இல் தோன்றிய பங்குச் சந்தையின் கட்டடம். மாணிக் சௌக் காலையில் காய்கறிச் சந்தை, பகலில் நகைக் கடைவீதி, இரவில் உணவுக் கடைகளின் முற்றம். அகமது ஷாவின் கல்லறையும் அரசியர் கல்லறையும் இச்சந்தைக்கு நடுவேதான் உள்ளன. இறுதியாக 1424இல் கட்டிய ஜாமி மசூதி. தூண்களில் தாமரையும், சங்கிலியில் தொங்கும் மணியும் செதுக்கப்பட்டுள்ளன; கோயில் கட்டிய கைகளே மசூதியையும் கட்டின என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1819ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சாய்ந்த இரு மினார்களின் அடிப்பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் நடை இங்கு முடிகிறது.

கோயிலில் தொடங்கி மசூதியில் முடியும் இப்பாதையைத் தேசிய ஒருமைப்பாட்டின் சின்னமாகப் பலரும் போற்றுவர். அது உண்மையே. எனினும், இதே நகரம் 1969, 1985, 2002ஆம் ஆண்டுகளில் வகுப்புக் கலவரங்களால் துயருற்றது என்பதையும் வழிகாட்டிகள் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. போளின் தலைவாயில் அழகிய மரவேலை மட்டுமன்று. அச்சம் மிகுந்த நாட்களில் அது சாத்தப்பட்டது. அயலவர் யார், உள்ளவர் யார் என்று வரையறுத்ததும் அதுவே. இதைச் சொல்லாமல் விடுவது வரலாற்றின் ஒரு பாதியை மறைப்பதாகும்.

நடையினால் விளைந்த பயனை எவ்வாறு அளப்பது? 2017 ஜூலையில் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபு நகரமாக அறிவித்தது. இந்தியாவில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே. சில மாளிகைகள் விடுதிகளாக உருமாறின. மரபு வீட்டைக் காப்போருக்கு மற்றோர் ஏற்பாடும் உண்டு. தம் மனையில் மேலும் கட்டுவதற்குரிய பரப்பை அவர்கள் பயன்படுத்தாது விட்டால், அவ்வுரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்கலாம். கிடைக்கும் தொகையைக் கொண்டு பழைய வீட்டைச் செப்பனிடலாம். அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் தராமலேயே உடையவருக்கு உதவும் வழி இது.

இடர்கள் தீரவில்லை. ஒரு வீட்டிற்குப் பத்துப் பதினைந்து வாரிசுகள். அவர்களுள் சிலர் வெளிநாட்டில். அனைவரும் கையொப்பமிட்டாலன்றி உரிமையை விற்க இயலாது. குறைந்த வாடகையில் குடியிருப்போர் பழுதுபார்க்கத் துணிவதில்லை. வீட்டுக்காரருக்கும் அதில் ஊதியம் இல்லை. பழைய தேக்குக்கு ஈடான மரம் விலை மிகுந்தது. பழைய பொருத்துமுறை அறிந்த தச்சரோ மிகச் சிலர். கடைக்கு இடம் தேடுவோர் கேட்ட விலையைத் தரக் காத்திருக்கிறார்கள். வழிகாட்டி நின்று விளக்கும் மாளிகைக்கு இரண்டு வாசல் தள்ளி, சாளரம் பெயர்த்தெடுக்கப்பட்ட சுவர் ஒன்று இருக்கும். குழுவினர் அதைப் படமெடுக்காமல் கடந்து செல்வர். அவ்விடத்திலும் ஒரு நிமிடம் நிற்கும்படி நடையின் நிரலில் சேர்ப்பதற்கு மாநகராட்சிக்குச் செலவொன்றும் ஆகாது.