தொடாமல் ஒரு கோடு

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல், அந்த வட்டாரத்து விரல்களுக்குத் தட்டச்சுதான் பிழைப்பு. கணினி விசைக்கு இரண்டே நிலைகள்: அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. ஊரின் அனிமேஷன், கேம் ஸ்டுடியோக்களில் வரைகிறவர்களிடம் இன்னும் நுட்பமான கருவி இருக்கிறது. நல்ல டிஜிட்டல் பேனா கையின் அழுத்தத்தை 8,192 படிகளாகப் பிரித்து அறியும். அவர்களுடைய ஓவிய மென்பொருளில் ‘ஏர்பிரஷ்’ என்றும் ஒரு கருவி இருக்கும். அதற்கு அசலான உலோக ஏர்பிரஷை ஒருவர் வார இறுதியில் வாங்கிவந்து பிடித்துப் பார்த்தால், சில நிமிடங்களிலேயே ஒன்று புரிந்துவிடும். இதில் இருக்கும் ஒரே விசைக்குப் படிகளே கிடையாது. எந்த இரண்டு நிலைகளுக்கு நடுவிலும் இன்னொரு நிலை இருக்கிறது.

ஏர்பிரஷ் என்பது காற்றால் வண்ணத்தைத் தூவும் பேனா அளவுத் தூரிகை. 1876-இல் அமெரிக்கரான பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி, புகைப்படங்களுக்கு வண்ணம் ஏற்றுவதற்காக இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து நீராவிக் கார் செய்து புகழ்பெற்றவரும் இவரே. 1890-களில் சார்லஸ் பர்டிக் கருவியை இன்றைய வடிவத்துக்கு அருகே கொண்டுவந்தார். நடுவில் கூரிய ஊசி. ஊசியைச் சூழ்ந்து வண்ணம் வரும் நாசில். நாசிலைச் சூழ்ந்து காற்று. ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை: கீழே அழுத்தினால் காற்று வரும், அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். ஒரே விரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. டபுள் ஆக்‌ஷன், அதாவது இரட்டைச் செயல் என்று இதைச் சொல்கிறார்கள்.

அந்தப் பின்னிழுப்பில்தான் முதல் வியப்பு ஒளிந்திருக்கிறது. ஊசி மெல்ல மெல்லக் கூராகும் கூம்பு. விசையை ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலும் ஊசிக்கும் நாசிலுக்கும் நடுவே திறக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். இவ்வளவு குறுகிய சந்தில் திரவம் சுவர்களை உரசிக்கொண்டே நகர்கிறது. அதனால் இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. மூன்று மடங்கானால் இருபத்தேழு. புதிதாகப் பிடித்தவர் சும்மா கொஞ்சம் கூடுதலாக இழுத்ததற்குக் காகிதத்தில் குளம் கட்டிவிடுவது இதனால்தான். விரல் ஒரு கணக்குப் போட, கருவி அதன் கனத்தை எடுத்துக்கொள்கிறது.

வெளியே வரும் வண்ணத்துக்கு நடப்பது அதைவிட அதிசயம். காற்றை நெருக்கி அனுப்பும் கம்ப்ரெஸரில் வைக்கும் அழுத்தம் பெரும்பாலும் 15 முதல் 30 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடையில் கார் டயருக்குப் பிடிக்கும் காற்றை விடக் குறைவு. ஆனால் அதில் 13 பி.எஸ்.ஐ. நுனிவரை வந்து சேர்ந்தாலே போதும், அந்தக் குறுகிய வளையத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அப்படிப் பாயும் காற்று அக்கம்பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால் நாசில் வாயில் அழுத்தம் குறைந்து, வண்ணம் தானாக வெளியே உறிஞ்சப்படுகிறது. வந்த வண்ணத்தைக் காற்று மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறது. இழைகளைப் பரப்பு இழுவிசை மணிகளாகத் துண்டாடுகிறது. துளியாக்கம் என்பது இதுதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளிகள் ஒவ்வொன்றும் 20 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டர் வண்ணத்தில் ஏறத்தாழ 24 கோடித் துளிகள். அவற்றின் மொத்த மேற்பரப்பு 3,000 சதுர செ.மீ. அதே வண்ணம் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 5 சதுர செ.மீ.கூட வராது.

இத்தனை கோடித் துளிகளை ஆள, பயிற்சியாளர்கள் பலரும் முதலில் தருவது வெறும் புள்ளி. எளிமையாகத் தெரிந்தாலும் அதற்குள் நல்ல தந்திரம் இருக்கிறது. காகிதத்தில் விழும் வண்ணத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்று, விசையின் இழுப்பு, காகிதத்திலிருந்து தூரம், கையின் வேகம். புள்ளி வைக்கும்போது கை நகர்வதில்லை, ஆக வேகம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. காற்றையும் தூரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது விசை ஒன்றுதான். கட்டம் போட்ட தாளில் வரிசையாக ஒரே அளவுப் புள்ளிகள் வைக்க வைக்க, அந்த எட்டு மடங்குக் கணக்கை விரல் கற்றுக்கொள்கிறது. அடுத்து விசையை அசைக்காமல் தூரத்தை மட்டும் மாற்ற வேண்டும். சாரல் கூம்பாக விரிவதால், தூரம் இரண்டு மடங்கானால் புள்ளியின் அகலமும் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு, நிறத்தின் அடர்த்தி கால்பங்கு. கூர்மையான விளிம்பும் புகைபோன்ற விளிம்பும் ஒரே கருவியிலிருந்து பிறப்பது இப்படித்தான்.

அடுத்தது கோடு. புதியவரின் கோட்டை எங்கு பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்: இரு முனையும் குண்டாக, நடுவில் மெலிந்து, உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் மாதிரி வந்திருக்கும். காரணம் மனிதக் கையின் இயல்பு. 1985-இல் தமார் ஃபிளாஷ், நெவில் ஹோகன் இருவரும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கை நகரும் விதத்தைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். கை ஒருபோதும் சீராக நகர்வதில்லை. மெல்லக் கிளம்பி, நடுவில் உச்ச வேகம் பிடித்து, மெல்ல அடங்குகிறது. அவர்களுடைய மாதிரிப்படி உச்ச வேகம் சராசரியைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு. வண்ணம் ஒரே அளவில் வந்துகொண்டிருக்க, கை ஊர்கிற இடத்தில் அதிகமாகவும் பாய்கிற இடத்தில் குறைவாகவும் படிகிறது. டம்பெல் தயார்.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்த கைகள் மாதாப்பூர் அடுக்ககங்களின் வாசல்களிலேயே இருக்கின்றன. தெலுங்கில் முக்கு என்று சொல்லும் கோலத்தைப் போடும் பெண், மாவைத் தரையில் தேய்ப்பதில்லை. தரையைத் தொடாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவை விடுகிறார். கை வேகமெடுத்தால் விரல் இடுக்கும் கூடத் திறக்கிறது, வளைவில் கை தயங்கினால் இடுக்கு ஒடுங்குகிறது. ஏர்பிரஷ் கற்பிப்பவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். கை முதலில் காற்றில் ஓடத் தொடங்க வேண்டும், ஓட்டம் பிடித்த பிறகு வண்ணம். முடிவிலும் வண்ணம் நின்ற பிறகும் கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாக நகரும் இரு ஓரங்களையும் வண்ணமில்லாமல் கடந்துவிடுவதுதான் சூட்சுமம்.

இதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். நேரம் போதாது. கண் ஒன்றைப் பார்த்து, மூளை அறிந்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் போகும் கை அதற்குள் 6 செ.மீ. தாண்டியிருக்கும். சாதாரணத் தூரிகையில் முடி வளைவதை விரல் உணர்ந்துகொள்ளும். ஏர்பிரஷ் காகிதத்தைத் தொடுவதே இல்லை, அந்த உதவியும் போயிற்று. ஆகவே கோடு விழும் முன்பே அது எப்படி விழும் என்று மூளை கணித்தாக வேண்டும். அந்த முன்கணிப்பில் பெரும் பங்கு வகிப்பது பின்தலையில் இருக்கும் சிறுமூளை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பிரேசில் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. வரிவரியாகக் கோடு போடும்போது பாடம் படிப்பது முக்கியமாக அந்தச் சிறு உறுப்பு. காகிதம் நிறைவதை விட இதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விசையை இயக்கும் வரிசையும் முக்கியம். முதலில் காற்று, பிறகு வண்ணம்; நிறுத்தும்போது முதலில் வண்ணம், பிறகு காற்று. காற்றை முதலில் நிறுத்திவிட்டால் நாசிலின் வாயில் ஒரு துளி தங்கிவிடும். அடுத்த முறை அழுத்தியவுடன் அது அப்படியே காகிதத்தில் தெறிக்கும். அனுபவசாலிகள் பலர், வேலை முடியும்வரை காற்றை நிறுத்துவதே இல்லை.

ஹைதராபாத்தின் பருவங்களும் இந்தக் கருவியோடு மல்லுக்கு நிற்கும். அக்ரிலிக் வண்ணம் என்பது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் நுண்துகள்களும் நிறமியும் சேர்ந்தது. நீர் போனதும் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும், பிறகு நீர் ஊற்றினாலும் கரையாது. வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாத வறண்ட பிற்பகலில், ஊசியின் நுனியிலேயே இந்தப் படலம் உருவாகிறது. கோடு திடீரென்று திக்கும், பிறகு துப்பும். அவ்வப்போது நுனியைத் துடைப்பதும், உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில சொட்டு கலப்பதும்தான் வழி. கருவியைத் தூரமாகப் பிடித்தாலும் தொல்லை. துளியின் விட்டம் பாதியானால் அது ஆவியாகும் நேரம் கால்பங்காகிவிடும். மிகச் சிறிய துளிகள் வழியிலேயே காய்ந்து, பரப்பில் பொடியாக உட்காரும். காகிதத்துக்குத் தப்பிய துளிகள் அறையிலேயே மிதப்பதால் முகக்கவசம் கட்டாயம்.

மழைக்காலத்தில் பிரச்சினை நேர் எதிர். கம்ப்ரெஸர் காற்றை மூன்றில் ஒரு பங்காக நெருக்கினால், அதிலுள்ள நீராவிக்கு இடம் போதாமல் நீராகிவிடும். 28 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம், நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று என்று கணக்குப் போட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டு தேக்கரண்டிக்கும் மேல் தண்ணீர். அதைப் பிடித்துவைக்கக் காற்றுக் குழாயின் நடுவே ஒரு சிறு குடுவை பொருத்துகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அதை அடிக்கடி திறந்து கொட்ட வேண்டியிருக்கும்.

இனி, எந்த வரிசையில் பழகுவது? ஒரு தாள் முழுக்கப் புள்ளி, அடுத்த தாள் முழுக்கக் கோடு என்பதுதான் ஒழுங்காகத் தெரியும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று வகைக் கை அசைவுகளை இரண்டு குழுக்களுக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போன குழு, பயிற்சியின்போது முன்னணியில் இருந்தது. மூன்றையும் கலந்துகட்டிப் பழகிய குழு தடுமாறியது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: கலந்து பழகியவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிட வேண்டியிருந்ததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே நான்கு புள்ளி, இரண்டு கோடு, ஒரு வளைவு, மறுபடி புள்ளி என்று தாளைக் கலவையாக நிரப்புவது நல்லது. பார்க்க அழகாக இராது, கைக்கு அதுதான் ஏறும்.

அடிப்படைப் பயிற்சிகளில் மிகக் கடினமானதும் எனக்கு மிகவும் பிடித்ததும் கத்திக் கோடு. ஒரு முனையில் அகலமாகவும் மங்கலாகவும் தொடங்கி, மறுமுனையில் கத்தி நுனியாகக் கூர்ந்து முடிய வேண்டும். காகிதத்திலிருந்து தள்ளித் தொடங்கிய கை நெருங்கிக்கொண்டே வரும். நெருங்க நெருங்க விரல் ஊசியை மூடிக்கொண்டே வர வேண்டும், கை வேகம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூடுவது ஒரு கணம் தாமதித்தால், பரப்பிலிருக்கும் ஈர வண்ணத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளி எட்டுக்கால் பூச்சியின் கால்களாக ஓடவிடும். புள்ளியில் தனித்தனியாகப் பிரித்துப் பழகிய அத்தனையும் இங்கே அரை நொடிக்குள் ஒன்றாக மாற வேண்டியிருக்கிறது. பைக் டாங்கின் தீநாக்குகள், பறவையின் இறகு, புலியின் ரோமம், முகத்தில் விழும் கூந்தல் எல்லாமே இந்தக் கோட்டை நூற்றுக்கணக்கில் அடுக்கி வரைவதுதான்.