மலிவுத் தபாலா, விரைவுத் தபாலா?

“ஊருக்கு ஒரு காகிதம் அனுப்பணுங்க. சாதாரண ஸ்டாம்பு ஒட்டுனா போதுமா, இல்ல கூடக் காசு கட்டணுமா?” தோட்டங்களுக்குப் போகும்போது நம்மிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. சில்லறை விஷயம்தானே என்று எண்ணிவிடக் கூடாது, தோழர்களே. நிலம், சேமநிதி, வாரிசுப் பங்கு எல்லாம் சில சமயம் ஓர் உறைக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் கணக்கு சுலபம். அவசரமில்லாததும் கனமானதும் கப்பலில் போகும். அவசரமானது விமானத்தில் போகும். ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை மதராசுக்கும் நம் துறைமுகங்களுக்கும் ஓடியது. பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் ஓட்டம் 1985-இல் தீ விபத்தோடு முடிந்தது. வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் ஏரோகிராம் வாங்கினார்கள். ஒரே தாள், அதுவே உறை. விமானத்தில் போனாலும் விலை குறைவு. ஆனால் உள்ளே எதையும் வைக்கக் கூடாது. பேரப்பிள்ளையின் போட்டோவைச் செருகிவிட்டால் அந்தச் சலுகை போயிற்று.

1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அன்று பிரிந்த குடும்பங்களின் சொத்துக் கணக்கு பலருக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் காகிதங்கள்தான் இன்றும் கடல் தாண்டிப் போய் வருகின்றன.

நலம் விசாரிக்க இப்போது கைப்பேசி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகூட அதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மூலப்பத்திரத்தைக் கைப்பேசியில் அனுப்ப முடியாது. போட்டோ எடுத்து அனுப்பினால் வக்கீல் பார்த்துக்கொள்வார். பதிவு ஆப்பீசில் செல்லாது.

தபால் ஆப்பீஸ் கவுண்டரில் நமக்கு மூன்று வழி உண்டு. முதலாவது சாதாரண ஏர்மெயில். விலை குறைவு, ஆனால் வழியில் தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது ரெஜிஸ்டர். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரெஜிஸ்டர் என்றால் வேகம் என்று நினைப்பு. அப்படியல்ல. கை மாறும் இடங்களில் பதிவு இருக்கும், வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவார். அது பாதுகாப்புக்குக் கட்டும் காசு, வேகத்துக்கு அல்ல. மூன்றாவது இ.எம்.எஸ். என்கிற விரைவுத் தபால். வேகமும் உண்டு, பதிவும் உண்டு. விலைதான் கூலியில் கை வைக்கும்.

அப்படியானால் எதை எடுப்பது? ஸ்டாம்பு விலையைப் பார்க்குமுன் உறைக்குள் இருப்பதைப் பாருங்கள். இரண்டு கேள்வி போதும். இதற்குத் தேதிக் கெடு உண்டா? தொலைந்தால் மறுபடி எழுத முடியுமா? கெடு இல்லை, மறுபடி எழுதலாம் என்றால் சாதாரணத் தபாலே தாராளம். கெடு இல்லை, ஆனால் மறுபடி கிடைப்பது கஷ்டம் என்றால் ரெஜிஸ்டர். கெடுவும் உண்டு, காகிதமும் முக்கியம் என்றால் விரைவுத் தபால்தான். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மா, பால்வெட்டுத் தொழிலாளி. ஊரில் அண்ணன் தம்பிகள் பொது நிலத்தைப் பிரிக்க அவருடைய அதிகாரப் பத்திரம் கேட்டார்கள். கோலாலம்பூருக்குப் போய், இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, காகிதத்தைத் தயார் செய்தார். கடைசியில் சாதாரண ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டார். அது போய்ச் சேரவே இல்லை. மறுபடி பஸ் செலவு, மறுபடி கட்டணம், மறுபடி வேலை நட்டம். “நீ வேணும்னுதான் அனுப்பலை” என்று ஊரிலிருந்து வந்த பேச்சு தனி. ஸ்டாம்பில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு வந்தது?

இந்த அதிகாரப் பத்திர விஷயத்தில் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் சொல்கிறது. நாம் கையெழுத்துப் போட்ட நாள் அல்ல, அங்கே வந்து சேர்ந்த நாள்தான் கணக்கு. வந்த தேதிக்குச் சாட்சி எது? அந்த உறைமேல் உள்ள தபால் முத்திரையும் பதிவு எண்ணும்தான். “உறையைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, பத்திரத்தோட சேர்த்து வைங்க” என்று ஊரில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரசீதில் உள்ள எண்ணையும் பாருங்கள். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்குரிய இரண்டு எழுத்து. ‘ஆர்’ என்று தொடங்கினால் ரெஜிஸ்டர், ‘இ’ என்று தொடங்கினால் விரைவுத் தபால். மலேசியாவில் போட்டது ‘எம்.ஒய்.’ என்று முடியும். அந்த எண்ணை ஊருக்குச் சொல்லிவிட்டால் அவர்களும் தேடிப் பார்க்கலாம். ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்தியாவுக்குள் ரெஜிஸ்டர் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பெயரைக் கேட்டு அலைய வேண்டாம்.

இன்னும் சில. சாதாரண உறைக்குள் நோட்டு வைக்காதீர்கள். அது விதிக்கு விரோதம். உறையை வீட்டில் எடை போட்டு உத்தேசமாக ஸ்டாம்பு ஒட்டாமல் கவுண்டரில் நிறுக்கச் சொல்லுங்கள். ஸ்டாம்பு குறைந்தால் திரும்பி வரலாம், அல்லது வாங்குகிறவர் தலையில் பாக்கி விழலாம். முகவரியில் கிராமம், தாலுகா, பின்கோடு, கைப்பேசி எண் நான்கும் இருக்கட்டும். முக்கியமான உறையைத் தோட்டத்து ஆப்பீசில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கே இரண்டு நாள் மேசையில் கிடந்தால் விரைவுத் தபாலுக்குக் கட்டிய காசு வீண்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டமல்ல. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தம்பியும் இதே கவுண்டரில்தான் நிற்கிறார்கள். தெரிந்ததை அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால் உறையை ஒட்டுமுன் தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடம் காட்டுங்கள். ஒட்டிப் போட்ட பிறகு வந்து கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.