செரோக்கிக் குடும்பங்களின் பெயரேடுகள்

1838-39இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களைத் துப்பாக்கி முனையில் ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. இன்றைய ஓக்லஹோமாவுக்கு வரும் வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களின் வம்சத்தைத் தேடுவோர் இந்த அலமாரியிலிருந்து தொடங்கலாம்.

முதலில் அமெரிக்க அரசின் டாஸ் ஆணையம் எடுத்த பட்டியல். செரோக்கிகளின் பொது நிலத்தைத் தனி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக 1898 முதல் எடுத்த கணக்கு இது. செரோக்கி நேஷனில் குடியுரிமை பெற இன்றும் இதிலுள்ள முன்னோர் ஒருவரைக் காட்ட வேண்டும். ஓர் அட்டையை எடுத்துப் பாருங்கள்: பெயர், உறவு, வயது, ‘இரத்தப் பங்கு’ (வம்சத்தில் செரோக்கி எவ்வளவு என்ற கணக்கு), தாய் தந்தை பெயர். செரோக்கிகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்குத் தனி அட்டை; அதில் இரத்தப் பங்குக்குப் பதிலாக முன்னாள் எஜமானரின் பெயரை எழுதினார்கள். கொடுமையான பதிவுதான். ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு விடுதலைக்கு முந்தைய காலத்தைக் காட்டும் தடயமும் அதுவே.

அடுத்து, இழப்பீட்டு மனுக்களை ஆராய்ந்த ஆணையர் கையன் மில்லரின் பெயரில் வழங்கும் விண்ணப்பங்கள் (1906-1909). அமெரிக்க அரசிடம் இழப்பீடு கோரிய செரோக்கிகள் தாத்தா, பாட்டி, அத்தை, மாமன் பெயர்களை, தெரிந்தவரை செரோக்கிப் பெயரோடு, எழுதிக் கொடுத்தார்கள். தள்ளுபடியான மனுக்களையும் விடாமல் படியுங்கள். உறவுமுறை அவற்றிலும் இருக்கிறது.

அரசு எழுதாததைக் குடும்பங்களே காத்து வைத்தன: பைபிளில் குறித்த பிறப்பு இறப்புகள், செக்கோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்காக 1821இல் உருவாக்கி முடித்த எழுத்தில் எழுதிய கடிதங்கள். உங்கள் வீட்டுப் பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர் யாரென்று பெரியவர்களிடம் கேட்டு, பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். பேனா மை ஊறிவிடும்.