கூடாரத் தொழிலாளிகளிடம் பாடம் கேட்ட பேச்சாளர்!

பெரிய படிப்பாளி ஒருவர் பேசுகிறார். எல்லோரும் மெய்ம்மறந்து கேட்கிறார்கள். ஆனால் அவர் பேச்சில் ஒரு குறை இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் அதைக் கண்டுகொண்டார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்?

ஏறக்குறைய 1,970 ஆண்டுகளுக்கு முன்பு எபேசு நகரில் நடந்த நிகழ்ச்சி இது. பைபிளில் 'அப்போஸ்தலர் நடபடிகள்' 18-ம் அதிகாரத்தில் வருகிறது. எபேசு இருந்த இடம் இன்று துருக்கி நாட்டில் இருக்கிறது.

ஊர் விட்டு ஊர்

கணவர் பெயர் ஆக்கில்லா. மனைவி பிரிஸ்கில்லாள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில்.

முதலில் ரோமாபுரியில் வாழ்ந்தார்கள். கி.பி. 49 வாக்கில் பேரரசர் கிலவுதியு, யூதர்களை நகரை விட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டார். ஆக்கில்லா யூதர். எனவே இருவரும் கொரிந்து நகருக்கு வந்தார்கள்.

அங்கே பவுல் அவர்களுடன் தங்கினார். அவருக்கும் கூடாரத் தொழில் தெரியும். மூவரும் சேர்ந்து உழைத்தார்கள். பிறகு எபேசுவுக்குக் கப்பல் ஏறினார்கள். பவுல் அங்கிருந்து வேறு ஊருக்குப் புறப்பட்டார். தம்பதிகள் தங்கிவிட்டார்கள்.

வந்தார் அப்பொல்லோ

அந்தச் சமயத்தில்தான் அப்பொல்லோ வந்தார். எகிப்தில் கல்விக்குப் பெயர்பெற்ற அலெக்சந்திரியா அவரது சொந்த ஊர். வேதத்தில் கரை கண்டவர். நாவன்மை மிக்கவர்.

எபேசுவில் இருந்த யூதர்களின் ஜெப ஆலயத்தில் அவர் ஏசுவைப் பற்றித் துணிவோடு பேசினார். சொன்னதில் தப்பு இல்லை. ஆனால், யோவான் கொடுத்த ஞானஸ்நானம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஏசுவின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் பற்றி அவர் அறியவில்லை.

தம்பதிகள் நினைத்திருந்தால் அங்கேயே எழுந்து மறுத்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிந்திருப்பார். ஒருவேளை, கோபித்துக்கொண்டு போயும் இருப்பார்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவரைத் தங்களுடன் அழைத்துச் சென்று, இன்னும் தெளிவாக விளக்கிச் சொன்னார்கள்.

மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில், இந்த இடத்தில் மனைவியின் பெயர்தான் முதலில் இருக்கிறது! கைத்தொழில் செய்யும் குடும்பத்திடம் அந்தப் படிப்பாளி பாடம் கேட்டார். அது அவருடைய பெருமை.

முதலில் தனியாக

சகோதரன் தவறு செய்தால், முதலில் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது ஏசுவின் போதனை. கேட்காவிட்டால் இரண்டொருவரை அழைத்துப் போக வேண்டும். அதற்கும் பிறகுதான் சபையிடம் சொல்ல வேண்டும்.

எல்லாத் தவறும் ஒன்றல்ல. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். காரணம், பேதுருவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் மாறி நடந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள். அப்பொல்லோவோ தெரியாமல் பேசியவர்.

அதே பவுல், கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தவறியவனைச் சாந்தத்தோடு சீர்படுத்தச் சொல்கிறார். அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல், மீனவர்கள் வலையைப் பழுதுபார்ப்பதற்கும் பைபிளில் வருகிறது. கிழிந்தது என்று வலையை யாரும் வீசி எறிவதில்லை. தைத்து மறுபடியும் கடலுக்குக் கொண்டு போகிறார்கள்.

பலன் என்ன?

அப்பொல்லோ அகாயா நாட்டுக்குப் போக விரும்பினார். எபேசு சகோதரர்களே அவரை ஏற்றுக்கொள்ளும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

கொரிந்துவில் அவருக்குப் பெரும் செல்வாக்கு. 'நான் பவுல் கட்சி', 'நான் அப்பொல்லோ கட்சி' என்று அங்கே சிலர் பிரிந்து நின்றார்கள். பவுல் அதைக் கண்டித்தார். ஆனால் அப்பொல்லோவைக் குறை சொல்லவில்லை. தாம் நட்ட பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் அவர்தான் என்று எழுதினார்.

அன்று எபேசுவில் அவரை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தியிருந்தால், அந்தத் தண்ணீர் கொரிந்துவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?