பெயரும் பேரேடும்

பெயரை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். விலைப்பெயர் என்று மூன்றாவது ஒரு வகை தோன்றும் என அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். இக்காலக் கணினி வாணிகம் அதனையும் தோற்றுவித்துவிட்டது.

பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. அதன் படிகள் பல்லாயிரம் கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஆதலின் எழுதியதை எவரும் தனித்து நின்று திருத்த இயலாது. ஏனைய படிகள் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். 2015 ஆம் ஆண்டில் தொடங்கிய எத்தீரியம் இத்தகைய பேரேடுகளுள் ஒன்று. அதில் ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரு முகவரி உண்டு. எண்ணும் எழுத்தும் விரவிய 42 குறிகள் கொண்ட அஃது எவர் நினைவிலும் நிற்பதன்று. இவ்விடர் நீங்கவே 2017 மே மாதத்தில் எத்தீரியம் பெயர்ச் சேவை ஏற்பட்டது. ஒருவர் தாம் விரும்பும் சொல்லோடு '.ஈத்' என்னும் ஈற்றைச் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம். பெயரைச் சொன்னால், உரிய முகவரியைப் பேரேடு எடுத்துத் தரும்.

இந்த அளவில் நின்றிருந்தால் குறையில்லை. பதிந்த பெயர் வீட்டுமனை போலக் கைமாறத்தக்க பொருளாகவும் ஆயிற்று. 2021 அக்டோபரில் 'பேரடைம்.ஈத்' என்னும் பெயர் 420 ஈத்தருக்கு விலைபோயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 இலட்சம் அமெரிக்க டாலர்!

மனை என்றோம், உண்மையில் அது குத்தகையே. 2019 ஆம் ஆண்டில் வகுத்த விகிதப்படி, ஐந்தும் அதற்கு மேலும் எழுத்துடைய பெயருக்கு ஆண்டுக்கு 5 டாலர், நான்கெழுத்துக்கு 160, மூன்றெழுத்துக்கு 640. மூன்றுக்குக் குறைந்தால் பதிவே இல்லை. குத்தகை எதற்கு எனின், முன்னோர் பட்ட பாட்டைக் காணவேண்டும். 2011 இல் தோன்றிய நேம்காயின் என்னும் பேரேட்டில் பெயர்கள் மிக மலிவு. 2015 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனை ஆராய்ந்தபோது, பதிந்திருந்த ஏறத்தாழ 1,20,000 பெயர்களில் மெய்யான பயன்பாட்டில் இருந்தவை 28 மட்டுமே எனக் கண்டனர். ஏனைய பெரும்பாலும் விற்பதற்காக வளைத்துப் போட்டவை. யாரையும் குறிக்காத பெயரைப் பெயர் என்பதா, சரக்கு என்பதா?

எழுத்தெண்ணி விலை வைக்கும் இம்முறையில் தமிழாசிரியர் ஆராயத்தக்க செய்தி ஒன்றுண்டு. பேரேடு எழுத்தெண்ணுவது நம் முறையிலன்று. ஒருங்குறியில் 'மி' ஓர் எழுத்தன்று. மகரம் ஒன்று, இகரக்குறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யின் புள்ளியும் தனியே கணக்கில் வரும். எனவே மூன்றெழுத்துச் சொல்லாகிய 'தமிழ்' அங்கே ஐந்தாகிறது. நம் கணக்கில் 640 டாலர் பெறவேண்டிய பெயருக்கு 5 டாலர் போதும். ஈரெழுத்துடைய 'மொழி' நான்காகி 160 டாலர்ப் பிரிவில் அமரும். 'கல்' மூன்றாகிக் கரையேறும். 'தீ' என்னும் ஓரெழுத்து ஒருமொழியோ, இரண்டாகியும் போதாமல் வாயிலிலேயே நின்றுவிடும்!

மலிவு என்று மகிழ்வதற்கில்லை. 'ஔவை' என்பதை ஔகாரம் இட்டு எழுதலாம். ஒகரத்தின் பக்கத்தில் ளகரத்தை வைத்தும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பேரேட்டுக்கு வேறு வேறு பெயர். ககரத்துக்கும் தமிழ் எண் ஒன்றுக்கும் வடிவில் வேற்றுமை காண்பதரிது. ஆங்கும் அதே தொல்லை. பிழையற எழுதுதல் இங்கே மதிப்பெண்ணைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது.

இதனினும் பெரிய இடர் பெயர் கைமாறும்போது நேர்கிறது. ஓர் அறநிலையம் தன் பெயரால் நன்கொடை பெற்று வருகிறது என்க. பொறுப்பாளர் கட்டணம் செலுத்த மறந்தார். 2019 இல் வகுத்த விதிப்படி 90 நாள் தவணை உண்டு. அதுவும் கழிந்தால் வேறொருவர் அப்பெயரை எடுத்துக்கொண்டு, தம் முகவரியை அதனோடு இணைத்துவிடலாம். பழைய பெயரை நம்பி அனுப்புவோர் பணம் புதியவரிடம் சேரும். பேரேடு பிழை செய்யவில்லை, விதிப்படியே நடந்தது. ஆதலின் முறையிட்டுத் திருத்தம் பெறுவதற்கு ஒரு தலைமை அலுவலகமும் இல்லை. பெயரை ஆளும் மறைத்திறவைத் தொலைத்தவர் நிலையும் இத்தகையதே.

பெயரை வாங்கியவர் அதன் முன்னாள் உரியவர் ஆகிவிடுவதில்லை. விற்றவரின் வரவு செலவு எல்லாம் அவருடைய 42 குறி முகவரியின் கீழேயே கிடக்கும், பெயரோடு போவதில்லை. பெயர் எந்நாளில் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதும் அதே பேரேட்டில் எழுதப்பட்டு, எவரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. பணம் அனுப்பப் புகுவோர் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுவே.